நெற்றியில் வந்த அக்கியும் அரை டாக்டரும்

அரை டாக்டர் என்று ஓர் இனம் உண்டு. மருத்துவக் கல்லூரி வாசலில் எப்போதோ பஸ்ஸுக்காக நின்றிருப்பார்கள். அந்தத் துறையோடு அவர்களுக்கு உள்ள தொடர்பு அவ்வளவுதான். ஆனால் லிஃப்டுக்குள் அவர்கள் பக்கத்தில் நின்று ஒருமுறை இருமிப் பாருங்கள். உங்கள் மாடி வருவதற்குள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, "எத்தனை நாளா?" என்று கேட்டு, நீங்கள் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் "இது ஒண்ணுமில்ல" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். அந்த ஒன்றுமில்லாததற்கு மூன்று வேளை மருந்தும் சொல்வார்கள். வேண்டாம் என்றால் கோபம் வரும்.

கிளினிக்கில் இவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அங்கே காத்திருக்கும் அத்தனை பேரையும் பார்த்து முடித்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தால் உங்களைப் பார்க்க மாட்டார்கள். கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுத்துப் படித்து, ஒரு "ம்" கொட்டி, திரும்ப மாட்டுவார்கள். அந்த "ம்" இருக்கிறதே, அதைக் கேட்ட நோயாளிக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது. தெரியாது என்ற வார்த்தை இவர்கள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒருவர் இருக்கிறார். டைல்ஸ் கடை மேனேஜர். குளியலறைத் தரைக்கு எந்தக் கல் வழுக்காது என்று அவரைக் கேட்டால் தயங்கித் தயங்கி, இரண்டு மூன்று சாம்பிளை எடுத்துப் போட்டு, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்பார். உடம்பு விஷயத்தில் அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று ஒரு பழமொழி சொல்வார்களே, அதை மனதில் வைத்துத்தான் குடியிருப்பில் யாரோ விஷமி அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர் வைத்தான். அவர் அசரவில்லை. "அது பேரை இல்ல சார், வேரை. ஆயிரம் வேரைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறவன்னு அர்த்தம்" என்று விளக்கிவிட்டு, பட்டத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

வேரெல்லாம் அவரிடம் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. குடும்பத்தில் யார் எதற்காக மருந்து வாங்கினாலும் குணமான பிறகு மிச்சம் அந்த டப்பாவுக்குப் போகும். பாதி கிழிந்த அட்டைகள், பெயர் அழிந்த குப்பிகள், பிதுக்கிப் பிதுக்கிச் சுருண்ட களிம்புக் குழாய்கள். மாமியாருக்கு வாங்கிய மருந்தில் மருமகனும், மருமகனுக்கு வாங்கியதில் மேல்மாடிக்காரரும், அவருக்கு வாங்கியதில் நானுமாகப் பிழைத்துக்கொண்டிருந்தோம். பிழைத்தோம் என்பது என்னவோ உண்மைதான்.

இந்த டப்பாவுக்கு ஒருநாள் சோதனை வந்தது. அரை டாக்டரின் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. டவுன் பஸ் டிரைவர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். ஒரு தலைவலி என்று படுத்து யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலது நெற்றியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். அப்போது நான் பேப்பர் இரவல் வாங்க அங்கே போயிருந்தேன்.

"மாமா, இந்தப் பக்கம் எரியுது. சீப்பு பட்டாலே உயிர் போகுது."

அரை டாக்டரின் முகம் மலர்ந்ததைச் சொல்லவேண்டும். பசித்தவனுக்கு இலை போட்டதுபோல் இருந்தது.

"ஒரு பக்கம் மட்டுமா?"

"ஆமா. கோடு போட்ட மாதிரி சரியாப் பாதியில நிக்குது. இடது பக்கம் ஒண்ணுமே இல்ல."

"ஒத்தைத் தலைவலி. பஸ் கண்ணாடியில வெயில் அடிக்குதுல்ல, அதான். இது ஒண்ணுமில்ல மாப்ள."

டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை கிடைத்தது. மறுநாளும் எரிச்சல் நிற்கவில்லை. ஒற்றைத் தலைவலி சைனஸ் ஆனது. ஆவி பிடிக்கச் சொன்னார். எரிகிற நெற்றியில் ஆவி பட்டதும் டிரைவர் போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அதற்கடுத்த நாள் சைனஸ் கடைவாய்ப் பல்லுக்கு இறங்கியது.

"பல்லு வலிக்கவே இல்லையே மாமா."

"அதுதான் அதோட தந்திரம். எங்க கோளாறோ அங்க வலிக்காது, வேற இடத்துல வலிக்கும்."

வலிக்காத இடமெல்லாம் நோய் என்று ஆகிவிட்டால் மனிதனுக்கு உடம்பு முழுக்க நோய்தான்.

அன்றிரவு நெற்றி சிவந்தது. விடிந்து பார்த்தால் வலது பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாக, தண்ணீர் கோத்துக்கொண்டு சின்னச் சின்னக் கொப்புளங்கள். புருவத்தைத் தாண்டி இமை மேலும் இரண்டு. நோய் இப்படி மேடையேறி வந்து தன் பெயரைச் சொன்ன பிறகாவது அரை டாக்டர் இறங்கி வருவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் சரிசெய்துகொண்டு, "பூச்சி ஓடியிருக்கு" என்றார். தூங்கும்போது ஏதோ பூச்சி நெற்றியில் ஊர்ந்து போயிருக்கிறதாம். நடுநெற்றியில் திரும்பிப் போகிற அளவுக்கு ஒழுக்கமான பூச்சி.

டப்பாவிலிருந்து ஒரு களிம்பு வந்தது. அதைத் தன் விரலாலேயே, வெறும் விரலாலேயே, கொப்புளங்கள் மேல் பாசமாகத் தடவிவிட்டார். கொஞ்சம் உடைந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வரலாமே" என்றார் மனைவி.

"போனா ரத்தம் எடு, படம் எடுன்னு எழுதித் தள்ளுவாங்க. பூச்சிக்கடிக்கு எதுக்கு டாக்டர்? ரெண்டு நாள் பொறு."

பொறுத்தார்கள். அந்த இரண்டு நாளில் கண் பாதி மூடிக்கொண்டது. வெளிச்சத்தைப் பார்த்தால் தண்ணீராக ஊற்றியது. மூக்கு நுனியில் தனியாக ஒரு கொப்புளம் கிளம்பியது. டிரைவர் மாடிப்படியில் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்குவதை அக்கா மேலே நின்று பார்த்தார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, கணவரிடம் ஒரே வாக்கியம் சொன்னார்.

"நாங்க கிளம்பறோம். நீங்க வர்றதா இருந்தா வாங்க, இல்லன்னா உங்க டப்பாவைப் பார்த்துக்கிட்டு இருங்க."

அரை டாக்டர் போகாமல் இருப்பாரா? முழு டாக்டரைச் சந்திக்க இந்த இனம் செருப்பை மாட்டவும் மறந்து ஓடும். அங்கே நடந்ததை அக்கா சொல்லக் கேட்டும், டிரைவர் சொல்லக் கேட்டும், அரை டாக்டர் சொல்லாமல் விட்டதை வைத்தும் சொல்கிறேன்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாதவர். "என்ன பண்ணுது?" என்று கேட்டார். அரை டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதலில் ஒற்றைத் தலைவலியாக ஆரம்பித்து, சைனஸ் வழியாகப் பல்லில் இறங்கி, பூச்சியில் முடிந்த வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

"வலி யாருக்கு?" என்றார் டாக்டர்.

"இவருக்கு."

"அப்ப அவர் சொல்லட்டும்."

டிரைவர் சொன்னார். டாக்டர் விளக்கை இழுத்து நெற்றியைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், மூக்கு நுனியில் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"அக்கி. சின்ன வயசுல அம்மை, அதான் சின்னம்மை, போட்டிருந்துச்சா உங்களுக்கு?"

"போட்டுச்சு" என்றார் அக்கா. "ஒண்ணாங் கிளாஸ் படிக்கும்போது. உடம்பெல்லாம்."

"அந்த அம்மை போகல. கொப்புளம் ஆறினதும் அந்த வைரஸ் நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். இத்தனை வருஷம் தூங்கிட்டு இப்ப எழுந்து வந்திருக்கு. எந்த நரம்புல படுத்திருந்துச்சோ அந்த நரம்பு ஓடுற இடத்துல மட்டும்தான் வரும். அதான் கோடு போட்ட மாதிரி நிக்குது. கொப்புளம் எப்ப வந்துச்சு?"

சொன்னார்கள்.

"மூணு நாளுக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும். விளிம்புல வந்திருக்கீங்க. நெத்திக்கும் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் ஒரே நரம்புதான் கிளை பிரிஞ்சு போகுது. மூக்குல வந்திருக்குன்னா கண்ணுக்குள்ளயும் போயிருக்கலாம். இங்கேருந்து நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டுப் போறோம்னு சொல்லக் கூடாது. மேல என்ன தடவியிருக்கு?"

அரை டாக்டர் சட்டைப் பையிலிருந்து களிம்பை எடுத்து நீட்டினார். கொஞ்சம் பெருமையும் இருந்ததாக அக்கா சொன்னார். டாக்டர் பெயரைப் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. உடம்போட எதிர்ப்பு சக்தியை அடக்கிடும். எதிரியை உள்ள வெச்சுக்கிட்டுக் காவல்காரனைத் தூங்க வெச்சிருக்கீங்க."

வேறு யாராக இருந்தாலும் அதோடு எழுந்து வெளியே போயிருப்பார்கள். இவர் கேட்டார்: "டெஸ்ட் எதுவும் எழுதலையா மேடம்?"

"பார்த்தாலே தெரியுதே. சந்தேகமா இருந்தா கொப்புளத்துத் தண்ணியைப் பஞ்சுல தொட்டு லேபுக்கு அனுப்புவோம். இதுல சந்தேகம் இல்ல" என்று சொல்லிவிட்டு, மருந்து எழுதிக்கொண்டே வாய்க்குள் "ஹெர்பிஸ் சாஸ்டர்" என்றார்.

அந்த முதல் பாதியை அரை டாக்டரின் காது பிடித்துக்கொண்டது. மருந்து வாங்கும் வரிசையில் நின்றபடியே போனை எடுத்து 'ஹெர்பிஸ்' என்று தட்டினார். போன் எதைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். எந்தத் திசையில் கேட்டாலும் ஊரிலேயே மோசமான தெருவுக்குத்தான் வழி காட்டும். பால்வினை நோய் என்று வந்திருந்தது. படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது. மனைவியைத் தூணுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார்.

"உன் தம்பி டூட்டி முடிஞ்சு எங்க போறான், யார்கூடப் பழகறான், உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஏன்?"

அவர் போனைக் காட்டினார். அக்கா படித்தார். தூணுக்கு இந்தப் பக்கம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். பிறகு கணவரின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, தம்பியையும் எழுப்பி அழைத்துக்கொண்டு, நேராக மறுபடியும் டாக்டர் அறைக்குள்ளேயே போய்விட்டார். அரை டாக்டர் பின்னால் ஓடினார்.

டாக்டர் போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒரு நாளைக்கு எத்தனை போன் பார்க்கிறாரோ.

"ஹெர்பிஸ்ங்கறது குடும்பப் பேருங்க. மனுஷனைப் பிடிக்கறதுன்னு அந்தக் குடும்பத்துல எட்டு வைரஸ் இருக்கு. அம்மையும் அக்கியும் கொடுக்கறது ஒண்ணு. நீங்க படிச்சது அதோட பங்காளியைப் பத்தி. பங்காளி பண்ணின காரியத்துக்கு இவரைக் கூண்டுல ஏத்தினா எப்படி?" என்றவர், அரை டாக்டரின் முகத்தை இப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார். "உங்க உதட்டு ஓரத்துல காய்ஞ்சிருக்கே, அது அடிக்கடி வருமா?"

"இதுவா? சூட்டுக் கொப்புளம். காய்ச்சல் கண்டா, வெயில்ல அலைஞ்சா வரும். ஒண்ணுமில்ல."

"சூடு இல்ல. அதுவும் ஹெர்பிஸ்தான். போன்ல படிச்சீங்களே, அதுக்குக் கூடப்பிறந்த அண்ணன்."

அக்கா மெதுவாகத் திரும்பி கணவரைப் பார்த்தார்.

"நீங்க கடையை மூடிட்டு எங்க போறீங்க, யார்கூடப் பழகறீங்க, எனக்கு ஏதாவது தெரியுமா?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் நெற்றி இழுத்து எரிந்தது. "அக்கா, சிரிக்க வைக்காதே, வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே அழுதார். டாக்டருக்கே இரக்கம் வந்து, உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் அது இருக்கும், சின்ன வயதில் எந்த அத்தையாவது கொஞ்சி முத்தம் கொடுத்ததில் ஒட்டியிருக்கும், யாரும் யாரையும் விசாரிக்க வேண்டாம் என்று சமாதானம் செய்துவைத்தார். மைத்துனனைக் கூண்டில் ஏற்றப் போனவர் அத்தையின் புண்ணியத்தில் ஜாமீனில் வந்தார்.

அனுப்பும்போது டாக்டர் ஒன்று கேட்டார். "கொப்புளத்தை யாராவது கையால தொட்டீங்களா? அம்மை வராதவங்க தொட்டா அவங்களுக்கு அம்மை வரும்."

"நான்தான் தடவிவிட்டேன்" என்றார் அரை டாக்டர். "எனக்கு அம்மையே வந்ததில்ல. எங்க வீட்ல எல்லாருக்கும் போட்டப்பகூட என்னை அண்டல."

"அப்ப இன்னைக்கே தடுப்பூசி போட்டுக்கங்க. தொட்டபிறகு சீக்கிரம் போட்டா பல பேருக்குத் தடுத்துடும்."

"எனக்கெதுக்கு மேடம், என் ரத்தம் அப்படி" என்றார் அவர். கண் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் யாரும் அவரோடு மல்லுக்கட்டவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டிரைவரின் கண்ணில் மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, கன்னத்தைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். பார்த்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கருவிழியின் மேல் மெல்லிய கிளைகள்போல் புண் படர ஆரம்பித்திருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் தழும்பாகியிருக்கும் என்றும், இப்போதும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, மருந்து கேட்கிறதா என்று பார்க்கலாம் என்றும் சொன்னார்கள்.

டிரைவருக்குக் கண் போனால் என்ன ஆகும் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த நீளமான தாழ்வாரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குழந்தை விடாமல் தும்மியது. அரை டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைத்துனனின் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் சொன்னதுக்குக்கூட நான் பயப்படல சார்" என்று பின்னால் டிரைவர் என்னிடம் சொன்னார். "மாமா பேசாம இருந்தார் பாருங்க, அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

அடுத்த நாளிலிருந்து அரை டாக்டர் மைத்துனனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை; அதற்கு போனில் ஐந்து அலாரம். கண் மருந்துக்குத் தனி அலாரம். டைல்ஸ் கடையில் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கும், பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் செய்து, "போட்டாச்சா? என் காதுல விழற மாதிரி முழுங்கு" என்பார். பிஸ்கட் டப்பா அலமாரி மேல் ஏறிவிட்டது. அக்கா ஏற்றினாரா, அவரே ஏற்றினாரா என்று தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இதெல்லாம் நல்ல மாறுதல் என்று நினைத்து நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். குடியிருப்பில் விசாரித்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது இது: "அக்கிக்கு மூணு நாள் கணக்கு சார். ஒரு நாள் தள்ளியிருந்தாலும் கண்ணு போயிருக்கும். நான் கரெக்டா கொண்டுபோய்ச் சேர்த்தேன்."

கொப்புளங்கள் பொருக்கு கட்டி உதிர்ந்தன. கண் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீடு இருக்கும்போது ஒருநாள் அரை டாக்டருக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. மறுநாள் மார்பில் இரண்டு பொட்டு. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சாயங்காலம் முதுகில் பத்து. கொசு என்றார். அடுத்த நாள் காலையில் முகம், கழுத்து, தலைமயிருக்குள் என்று எங்கே பார்த்தாலும் தண்ணீர் கோத்த முத்துகள். டைல்ஸ் கடைச் சிமெண்டுத் தூசி அலர்ஜி என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் போட்டு அலமாரி மேல் கையை நீட்டினார்.

டிரைவர் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இறங்குங்க மாமா."

"இது வெறும் அலர்ஜி மாப்ள."

"சரி, அலர்ஜியாவே இருக்கட்டும். டாக்டர் சொல்லட்டும். வண்டி கீழ நிக்குது."

டாக்டர் அவரை வாசலில் பார்த்ததுமே தனி அறைக்கு அனுப்பிவிட்டார். உள்ளே வந்தபோது, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். முழு டாக்டருக்கும் அரை டாக்டருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு அம்மை வந்தால் குழந்தைகளைவிட உக்கிரமாக வரும், நெஞ்சில் சளி கட்டலாம், மூச்சுத் திணறினால் உடனே வரவேண்டும் என்று சொல்லி, மைத்துனனுக்குக் கொடுத்த அதே மாத்திரையை இவருக்கும் எழுதினார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார் மனுஷன். ஐந்து வேளையும் வெளியிலிருந்து டிரைவரின் குரல் கேட்டது: "போட்டாச்சா மாமா? என் காதுல விழட்டும்."

இரண்டு நாள் பிதற்றுகிற அளவுக்குக் காய்ச்சல் அடித்தது. அக்கா சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மூன்றாம் நாள் என் போன் அடித்தது. எடுத்தால் உள்ளறையிலிருந்து அவர்தான். "சார், ஜன்னல் வழியாக் கேட்டேன். உங்க இருமல் சரியில்ல. எத்தனை நாளா?" பிழைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த அம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிரைவருக்கு டிப்போவில் கண் பரிசோதனை வைத்தார்கள். வலது கண்ணால் எழுத்துகளைப் படித்துக்கொண்டே போய்க் கடைசி வரியில் ஒரு எழுத்தில் திணறி, பிறகு அதையும் சொல்லிவிட்டார். இப்போது பழைய தடத்திலேயே ஓட்டுகிறார். ஜன்னல் காற்று நெற்றியில் பட்டால் இன்னமும் உள்ளே எறும்பு ஊர்கிறதாம். நாளாக ஆகக் குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அரை டாக்டர்? முகத்தில் தழும்புகளோடு, சொந்த அனுபவம் என்கிற பட்டமேற்படிப்பையும் முடித்துவிட்டு வெளியே வந்தார். அதன் பிறகு உலகத்தில் எல்லாருக்கும் அக்கிதான். மாடிவீட்டுப் பெண்ணின் முகப்பரு, அக்கி. ஹெல்மெட் வார் அழுத்திய தடம், அக்கி. பெயிண்டரின் கழுத்தில் தெறித்திருந்த சிவப்புப் பெயிண்டை விரலால் தொடாமல் குச்சியால் தொட்டுப் பார்த்தார், அவ்வளவு முன்னேற்றம்.

நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருநாள் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் விலாவைப் பிடித்துக்கொண்டு, "வாயுப் பிடிப்பு, ரெண்டு நாளா ஒரே எரிச்சல்" என்றிருக்கிறார். ஒரு பக்கம் மட்டுமா என்று கேட்டு, சட்டையைத் தூக்கிப் பார்த்து, டைல்ஸை அப்படியே போட்டுவிட்டு அந்த மனிதரை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பிவிட்டார் நம்மவர். அக்கியேதான். நேரத்துக்கு மருந்து கிடைத்து அவர் நாள்பட்ட வலி இல்லாமல் தப்பித்தார். நன்றி சொல்ல வந்தவர் எல்லார் முன்னாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். போயிற்று. வைரஸுக்கு மருந்து இருக்கிறது. ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட அரை டாக்டருக்கு மருந்தே கிடையாது.

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நெற்றியும் விலாவும், ஒரு பக்கமும் நடுக்கோடும் படித்தபோது உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்தாரா இல்லையா? போன வாரம் ஆபீசில் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், பக்கவாட்டில் எரிகிறது என்ற பெரியம்மா. டாக்டரிடம் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் நல்ல மனிதர். ஆனால் போனை எடுத்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்ல இப்போதே நாக்கு துடிக்கிறது அல்லவா? வருந்தாதீர்கள். உங்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.